ஒரு வாக்கியத்தைத் திருத்தினேன்

1

நீ அங்கே என்ன செய்கிறாய் என்று ஊரிலிருந்து யார் கேட்டாலும், இங்கிலீஷ் படிப்பிக்கிறேன் என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். இந்த முறை அப்படி முடிக்க முடியவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரியலூரில் என் வகுப்பில், ஒரு மனிதர் சொன்னதில் மூன்று பிழைகளைத் திருத்தி, 'வெரி குட்' என்று பாராட்டினேன். அவர் என்ன சொன்னார் என்பது அதற்குப் பிறகுதான் என் காதுக்குள் போனது.

ஊரில் என்னைத் தெரியாத இளையவர்களுக்குச் சொல்கிறேன். மன்னார்க் கரையில் நம் ஊரிலிருந்து எட்டு வயதில் படகேறியவள் நான். அப்பா, அம்மாவோடு மண்டபம் அகதி முகாமில் பதிந்து, அங்கிருந்து பெரம்பலூர் முகாமுக்கு அனுப்பப்பட்டு, முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் என் பெயரை ரீற்றா என்று எழுதினார்கள். இங்கே முதல் நாளே பதிவேட்டில் ரீட்டா ஆக்கிவிட்டார்கள். கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்து, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முடித்தேன். இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை. கணவர் பெயின்ட் அடிக்கப் போகிறார். அவர் வேறொரு முகாமில் வளர்ந்தவர்.

மகள் ஷெரின் இங்கேயே பிறந்தவள். பெரம்பலூரில் பி.காம். படிக்கிறாள். வீட்டை 'வூடு' என்பாள். பஸ்ஸில் நான் மறந்துபோய், "அங்கால தள்ளி இரு பிள்ளை" என்று சொன்னால், முழங்கையால் ஓர் இடி விழும்.

"அம்மா, வெளில வந்தா ஒழுங்கா பேசும்மா. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க."

அவளுக்கு ஒழுங்கு என்பது பெரம்பலூர்த் தமிழ். நானும் முகாமுக்கு வெளியே அதைத்தான் பேசுகிறேன். வகுப்பில் எந்த ஊர் என்று கேட்டால் பெரம்பலூர் என்பேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு மேல் கேட்கவிடாமல் பேச்சை மாற்றுவதில் எனக்குப் பல வருடப் பழக்கம்.

2

ஞாயிறு வகுப்பு ஒரு தையல் பள்ளியின் மாடியில் நடக்கிறது. பெரியவர்களுக்கான ஸ்போக்கன் இங்கிலீஷ். தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் பாய் விரித்து, பதினாலு பேர் உட்காருவார்கள். அரியலூரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள் இருப்பதால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் வெளிநாடு போகக் காத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள்.

ஆளுக்கொரு மொழியோடு வருகிறவர்கள் ஆளுக்கொரு இடத்தில் தடுக்கி விழுவார்கள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வரும் மும்தாஜுக்கு வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவரிடம் போய்ச் சேர வேண்டும். கணவரை 'ஹி' என்று சொல்ல மும்தாஜுக்கு வாய் வரவில்லை.

"அவங்கள போயி 'ஹி'ன்னா அவன் இவன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு டீச்சர்? அல்லா, நான் மாட்டேன்."

அதனால் மரியாதைப் பன்மையில் 'தே ஆர் மை ஹஸ்பண்ட்' என்று சொல்லிவிட்டார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. விசா ஆபீஸில் இப்படிச் சொன்னால் எத்தனை கணவர் என்று கேட்பார்கள் என நான் விளக்கிய பிறகு, அவரும் முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார்.

திபாகரின் சிக்கல் வேறு. ஒடிசாவில் கஞ்சம் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். ஆலையில் சிமெண்ட் மூட்டை ஏற்றும் காண்ட்ராக்டில் வேலை. மேஸ்திரி ஆனால் லாரிக்காரர்களோடும் ஆபீஸோடும் பேச வேண்டியிருக்கும் என்பதற்காக இங்கிலீஷ் கற்க வந்தவர். அவருடைய மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தானாம். எனவே மனைவியும் 'ஹி', மாடும் 'ஹி', நானும் 'ஹி'. எட்டு வாரமாக அதைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் வாயிலிருந்து 'ஹி' வந்தாலே, கேட்காமலே, 'ஷி' என்று சொல்லிவிடும் அளவுக்கு என் நாக்கு பழகிவிட்டது.

அந்தப் பழக்கத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

3

அன்று இறந்தகாலப் பாடம். போன வாரம் உங்களுக்கு என்ன நடந்தது, ஆளுக்கு இரண்டு வாக்கியம் சொல்லுங்கள் என்றேன். முதலில் கலைச்செல்வி. செட்டிகுளத்துப் பெண், நர்சிங் முடித்தவள், வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்கிறாள். மலைக்கோவிலுக்கு ஏறினேன், கால் வலித்தது என்றாள். இரண்டும் சரி. 'வெரி குட்.' அடுத்து பீகார் தம்பி ஒருவன், புதுச் செருப்பு வாங்கினேன் என்றான். 'வெரி குட்.'

அடுத்து திபாகர். எப்போதும் எழுந்து நின்றுதான் பேசுவார். அன்றும் எழுந்தார். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, பலகையைப் பார்த்தபடி சொன்னார்:

"லாஸ்ட் வீக் மை டாட்டர் டை. ஹி இஸ் நைன் இயர்ஸ் ஓல்ட்."

போன வாரம் என் மகள் இறந்துபோனாள். அவளுக்கு ஒன்பது வயது.

நான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி திரும்பியபடி, அடுத்த ஆளைத் தேடிக்கொண்டே சொன்னேன். "டைட். மை டாட்டர் டைட். ஹி இல்ல, ஷி. இஸ் இல்ல, வாஸ். ஷி வாஸ் நைன் இயர்ஸ் ஓல்ட். திருப்பிச் சொல்லுங்க."

அவர் திருப்பிச் சொன்னார். ஒரு பிழை இல்லை.

"வெரி குட். நெக்ஸ்ட், மும்தாஜ்."

மும்தாஜ் எழுந்திருக்கவில்லை. என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு ஏதோ துஆவை முணுமுணுத்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"டீச்சர், அவரு என்ன சொன்னாருன்னு கேட்டீங்களா?"

அப்போதுதான் கேட்டது. சொன்ன வாக்கியம் முதலில் கேட்டது, பிறகு நான் திருத்திக் கொடுத்தது. உயிரோடிருப்பவளைச் சொல்லும் 'இஸ்'ஸை அவர் தெரிந்து விட்டுவைத்தாரோ, தெரியாமல் விட்டுவைத்தாரோ, அதைப் பிடுங்கி 'வாஸ்' ஆக்கினேன். ஒரு தகப்பனின் வாயாலேயே அதைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். சாக்பீஸ் கையிலிருந்து விழுந்து உடைந்தது.

"ஐயோ, நான் என்ன சொல்லிப்போட்டன்! என்ர ஆண்டவரே, என்ன செய்துபோட்டன்!"

என் குரல்தான். ஆனால் இத்தனை நாள் அந்த வகுப்பில் ஒரு முறைகூட வெளியே விடாத குரல். அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

4

வகுப்பை நிறுத்திவிட்டேன். திபாகரை வெளியே வராந்தாவில் உட்காரவைத்தோம். கலைச்செல்வி தண்ணீர் கொடுத்தாள். அவருக்குத் தமிழும் இங்கிலீஷும் அரைகுறை. இரண்டையும் கலந்துதான் கேட்டோம்.

காய்ச்சல். மூளைக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். மச்சான் போன் செய்து சொல்லி ஆறு நாள் ஆகிறது. அன்றே அடக்கம் முடிந்துவிட்டது. இவர் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டிருக்கிறார். லோடு அதிகமுள்ள மாதம், மாதக் கடைசியில் போ என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"பொண்ணு இறந்துட்டான்னு சொல்லியுமா விடல?" என்று கலைச்செல்விக்குக் கோபம் வந்துவிட்டது.

"சொல்லல" என்றார்.

"ஏன்?"

"சொல்லல. யாருக்கும் சொல்லல. ரூம்ல பத்து ஆளு. எல்லாம் ஒடியா." நெஞ்சில் கை வைத்தார். "ஒடியா சொன்னா... வராது. வாய் தொறந்தா அழுகை. இங்கிலீஷ் அழுகை வராது டீச்சர். இங்கிலீஷ் சொல்ல முடியும்."

ஆறு நாளாக மூட்டை ஏற்றிக்கொண்டே, அந்த மனிதர் இந்த ஞாயிறுக்குக் காத்திருந்திருக்கிறார். சொல்லக்கூடிய ஒரே இடம் இதுதான். பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்தாராம். இதை அவர் சொன்னபோது நான் அங்கே நிற்க முடியாமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. எனக்கும் அப்படிச் சொல்ல வராத ஒன்று உண்டு. நாங்கள் படகேறியபோது மூன்று பேர் அல்ல, நான்கு பேர். தம்பிக்கு மூன்று வயது. ஏறும்போதே காய்ச்சல். படகுக்காரர் நடுக்கடல் மணல்திட்டில் எங்களை இறக்கி, வேறு படகு வந்து எடுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பகல் அங்கே கிடந்தோம். கொண்டுவந்த தண்ணீர் முதல் நாளே தீர்ந்தது. தம்பி அந்தத் திட்டிலேயே போய்விட்டான். அப்பா கையால் மணலைத் தோண்டினார். அம்மா தன் சட்டை ஒன்றைச் சுற்றிக் கொடுத்தா. மண்டபத்தில் இறங்கி, எத்தனை பேர் என்று கேட்டபோது அப்பா மூன்று என்றார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவனைப் பற்றிக் கதைத்ததில்லை. இதை நான் கணவரிடம் சொன்னதில்லை, மகளிடம் சொன்னதில்லை. அப்பா போய்ப் பல வருடம், அம்மா போய் ஆறு வருடம். இப்போது அவனை அறிந்தவள் இந்தத் தேசத்தில் நான் ஒருத்திதான்.

படிக்கட்டில் கலைச்செல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பத்தாம் நாள் காரியம் இருக்காம் டீச்சர். இன்னைக்கு ரயில் ஏறினாதான் போய்ச் சேர முடியும். லெட்டர் ஒண்ணு எழுதுங்க. நாமளே போயி குடுத்துட்டு வந்துடுவோம்."

5

திபாகரையும் கூட்டிக்கொண்டு நாங்கள் போன காண்ட்ராக்ட் ஆபீஸ், ஆலைக்கு எதிரே, தகரக் கூரை போட்ட நீளமான கட்டிடம். ஞாயிறும் லோடு போவதால் திறந்திருந்தது. வாசலில் செக்யூரிட்டி பெரிய நோட்டைத் தள்ளினார். பெயர், முகவரி, அடையாள அட்டை. கலைச்செல்வி எழுதிவிட்டாள். நான் பையைத் துழாவினேன். கையில் இருந்தது முகாம் அட்டை ஒன்றுதான். அதை எந்த வாசலிலும் மடித்துக் கொடுத்து, படிக்கும் முன்பே வாங்கிவிடுவது என் வழக்கம். அவர் விரித்து, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"இலங்கை... அகதிகள்... மறுவாழ்வு... முகாம். பெரம்பலூருங்களா?"

கலைச்செல்வி என்னைப் பார்த்தாள். "டீச்சர், நீங்க சிலோனா?"

"ஓம்" என்றேன். அதற்கு மேல் பெரம்பலூர்த் தமிழ் எனக்கு அன்று வரவில்லை.

"அதான் காலைல அப்படிப் பேசுனீங்களா? நான்கூட பயத்துல என்னவோ வந்துருச்சுன்னு நெனச்சேன்." பிறகு, "இத்தன நாளு ஏன் டீச்சர் சொல்லல?" என்றாள். அன்று காலை திபாகரிடம் கேட்ட அதே தொனியில் கேட்டாள். நான் அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

உள்ளே மேனேஜர் போனில் இருந்தார். உடையார்பாளையத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். மேனேஜர் போனை வைத்துவிட்டு, "சொல்லுங்க மேடம், என்ன விஷயம்?" என்றார்.

நான் கடிதத்தை நீட்டினேன். வராந்தாவில் வைத்து நான்கு வரி எழுதியிருந்தேன். பணிந்து வேண்டுகிறேன், கருணைகூர்ந்து அனுமதிக்க வேண்டும் என்று நமக்குப் பழக்கமான இங்கிலீஷ். முகாமில் இத்தனை வருடம் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இப்படி எழுதிக் கொடுத்துத்தான் என் இங்கிலீஷ் வளர்ந்தது. பணியாமல் ஒரு வரி எழுதத் தெரியாது எனக்கு.

அவர் கடிதத்தை வாங்கக் கை நீட்டும்போதே திபாகர் ஓரடி முன்னால் வந்தார். கைகளை முன்னால் கோத்துக்கொண்டார்.

"சார். மை டாட்டர் டைட். ஷி வாஸ் நைன் இயர்ஸ் ஓல்ட்." மூச்சு வாங்கினார். "ஐ ஆம் கோயிங்."

போகலாமா என்று அவர் கேட்கவில்லை. போகிறேன் என்றார். அந்த மூன்று சொற்களை நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது வேறு எதற்கோ, கடைக்குப் போகிறேன், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன் என்று சொல்வதற்கு.

மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"என்னய்யா இது? எங்கிட்ட நீ என்ன சொன்ன?"

"ஊருக்குப் போகணும்னுதான் சார் சொன்னான். வேற ஒண்ணும் சொல்லல சார். சத்தியமா சொல்லல." சூப்பர்வைசரின் முகம் வெளிறிவிட்டது. "ஆறு நாளா தெனம் வந்து மூட்ட ஏத்துனானே சார்..."

பிறகு மேனேஜர் திபாகரின் தோளைத் தொட்டார்.

"போயிட்டு வாய்யா. எத்தன நாளு ஆனாலும் சரி. வேல எங்கயும் போயிடாது." டிரைவரைக் கூப்பிட்டு, ஜீப்பில் ரூமுக்குக் கூட்டிப்போய், துணிமணி எடுத்துக்கொண்டதும் அரியலூர் ஸ்டேஷனில் ஏற்றிவிடச் சொன்னார்.

கடிதத்தை அவர் கடைசிவரை பிரிக்கவே இல்லை.

ஜீப்பில் ஏறும்போது திபாகர் என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். இங்கிலீஷில் தொடங்கினார், நின்றுவிட்டார். பிறகு ஒடியாவில் ஒரு வரி சொன்னார். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ஜீப் திரும்பும்வரை குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டே போனார். அந்த வரிக்கு என்ன பொருள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான்காம் நாள் அவரிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது. காரியத்துக்கு முந்தின சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிட்டாராம். இன்னும் திரும்பி வரவில்லை.

6

அன்று வீடு வந்து சேர்ந்தபோது ஷெரின் வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இவ்ளோ நேரம்? போன் பண்ணா எடுக்க மாட்டியா?"

நானும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்தேன். இன்று சொல்லாவிட்டால் இனிச் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது. தமிழில் வாயைத் திறந்தேன். நம் தமிழிலும் வரவில்லை, பெரம்பலூர்த் தமிழிலும் வரவில்லை.

"ஐ ஹாட் எ பிரதர்" என்றேன்.

"என்னம்மா, வூட்டுல வந்தும் இங்கிலீஷா?" என்று சிரித்தவள், அடுத்த நொடி துணியைக் கீழே வைத்தாள். "ஹாட்னா? இருந்தாரா? உனக்கா? எனக்கு மாமா ஒருத்தர் இருந்தாரா?"

சொன்னேன். படகைச் சொன்னேன், திட்டைச் சொன்னேன், அப்பா மூன்று என்று சொன்னதைச் சொன்னேன். பாதியில் எப்போது தமிழுக்கு மாறினேன் என்று தெரியவில்லை. நம் தமிழ்தான். அவள் முழங்கையால் இடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் நான் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஷெரின் கேட்டாள்.

"மாமா பேரு என்னம்மா?"

"சின்னவன்."

"அது கூப்புடுற பேரும்மா. நிஜப் பேரு?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை.

இருட்டில் சுவரைத் தடவுவது போலத் தேடினேன். ஞானஸ்நானத்தன்று அம்மா உடுத்தியிருந்த நீலச் சேலை ஞாபகம் இருக்கிறது. கோவில் படியில் அவன் அழுதது ஞாபகம் இருக்கிறது. குருவானவர் தண்ணீர் ஊற்றிச் சொன்ன பெயர் மட்டும் இல்லை. எட்டு வயதில் எனக்குத் தெரிந்திருக்கும். நிச்சயம் தெரிந்திருக்கும். யாரும் சொல்லாமல் விட்ட இந்த வருடங்களில் எங்கோ ஓரிடத்தில், நான் கவனிக்காமலே, அது போய்விட்டது.

இரும்புப் பெட்டியைத் திறந்து எல்லாக் காகிதத்தையும் பாயில் கொட்டினோம். மண்டபத்துச் சீட்டு, அதில் மூன்று பெயர். முகாம் அட்டை, அதிலும் மூன்று பெயர். அம்மாவின் செபப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். ஊரைப் பற்றி ஒரு நாளும் ஒரு கேள்வி கேட்டிராத என் மகள், காகிதங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, "அங்க கோவில்ல எழுதி வச்சிருப்பாங்கல்லம்மா? யார்ட்டயாவது கேளும்மா" என்று அழுதாள்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். அப்பா பெயர் சூசைப்பிள்ளை. அம்மா மதலேனம்மா. கடற்கரைப் பக்கம், மீன் வாடிகளைத் தாண்டி இரண்டாவது வளவு எங்கள் வீடு. நாங்கள் படகேறுவதற்கு மூன்று வருடம் முன்பு, மாரி மழை முடிந்த கையோடு நம் கோவிலில் ஞானஸ்நானம் நடந்தது. பழைய பதிவேடு தப்பியிருக்கிறதா என்று தெரியாது. தப்பியிருந்தால், யாராவது ஒருவர் போய், அந்தப் பக்கத்தைப் பார்த்து, அவன் பெயரை எனக்கு எழுதுங்கள்.